கடைசி 20 மீட்டரில் என்ன நடக்கிறது?

(திரையில்: 100 மீட்டர் பந்தயத்தின் இறுதிப் பகுதி, ஸ்லோ மோஷனில்.)

முன்னால் வருபவரைப் பாருங்கள். திடீரென்று வேகம் பிடித்தது போலத் தெரிகிறது, இல்லையா? உண்மையில் இந்த இடத்தில் எட்டுப் பேருக்குமே வேகம் குறைந்துகொண்டிருக்கிறது. யாருக்குக் கம்மியாகக் குறைகிறதோ, அவர் ஜெயிக்கிறார்.

2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடினாரே, அதிலும் இதே கதைதான். 60 மீட்டரிலிருந்து 80 வரை 1.61 விநாடி. கடைசி 20 மீட்டருக்கு 1.66.

தேசிய அளவில் ஓடுபவரின் வாழ்க்கையும் இந்தப் பந்தயம் மாதிரியேதான் போகிறது. பள்ளி வயதில் உடம்பு வளர வளர டைமிங் தானாகவே இறங்கும். இருபதைத் தாண்டியதும் அந்தச் சலுகை முடிந்துவிடும். அப்புறம் ஒரு வருடம் முழுக்க உழைத்து 0.05 விநாடி குறைத்தாலே பெரிய விஷயம்.

(திரையில்: வெறிச்சோடிய மைதானம். ட்ராக்கில் இரண்டு கூம்புகள்.)

அந்த 0.05-க்கான பயிற்சியைப் பார்த்தால், சும்மா இருப்பது போலத் தோன்றும். மெல்ல வேகம் ஏற்றி வந்து, இந்த இரண்டு கூம்புகளுக்கு நடுவே உள்ள 30 மீட்டரை முழு வேகத்தில் கடக்க வேண்டும். மூன்று விநாடி வேலை. அதன்பின் பல நிமிட ஓய்வு. இப்படி நாலைந்து முறை. வேகம் கொஞ்சம் சரிந்ததும் கோச் நிறுத்தச் சொல்லிவிடுவார். களைத்த உடம்போடு ஓடினால், உடம்பு மெதுவாக ஓடத்தான் பழகும்.

களைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்னால் வீசிய கால் தரையைத் தொடப் போகும் நொடியில், தொடையின் பின்தசை நீண்டபடியே காலுக்குப் பிரேக் போடுகிறது. ஹாம்ஸ்ட்ரிங் எனும் அந்தத் தசை பெரும்பாலும் கிழிவது அப்போதுதான். ஒருமுறை கிழிந்தால் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். பாதி ஓட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரைப் பார்க்கும்போது, அவருடைய அந்த சீசனே அங்கே நின்றுபோவதைப் பார்க்கிறோம். என்னால் அதை இன்றுவரை சாதாரணமாகப் பார்க்க முடிந்ததில்லை.

சரி, காயமில்லாமல் வாழ்நாளின் சிறந்த ஓட்டத்தையே ஓடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் டைமிங் வந்துவிட்டது. ஆனாலும் அவர் கையை உயர்த்தவில்லை, இடுப்பில் கைவைத்து நிற்கிறார். காற்றின் அளவுக்காகக் காத்திருக்கிறார். பின்னாலிருந்து தள்ளும் காற்று விநாடிக்கு 2.0 மீட்டர் வரை என்றால் அந்த ஓட்டம் கணக்கில் சேரும். 2.1 என்றால் பதக்கம் கிடைக்கும். ஆனால் சாதனைப் பட்டியலிலோ உலகப் போட்டிக்கான தகுதி நேரத்திலோ அந்த டைமிங் சேராது. விதி நியாயமானதுதான். ஆனால் அடுத்த வாய்ப்பு வரும்போது அதே கால்கள் அதே நிலையில் இருக்குமா?

தனிப் போட்டிக்குத் தகுதி கிடைக்காத பலரை, நாலு பேர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடும் 4x100 ரிலேதான் களத்தில் வைத்திருக்கிறது. அதில் 30 மீட்டர் எல்லைக்குள், முன்னால் ஓடி வந்தவரிடமிருந்து திரும்பிப் பார்க்காமல் பேட்டனை, அதாவது கைமாற்றும் குச்சியை, வாங்க வேண்டும். பழகிய நாலு பேர், தங்களைவிட வேகமான நாலு பேரை இங்கே முந்திவிடலாம்.

(திரையில்: 2003, பாரிஸ். பிறகு 2016.)

முப்பதை நெருங்கினால் முடிந்துவிட்டது என்பார்கள். செயின்ட் கிட்ஸ் நெவிஸ் நாட்டின் கிம் காலின்ஸ், 2003-இல் பாரிஸில் 10.07 ஓடி உலகச் சாம்பியன் ஆனார். அவருடைய வாழ்நாளின் சிறந்த டைமிங் அது இல்லை. அந்தச் சிறந்த டைமிங்கான 9.93 வந்தது 2016-இல். அப்போது அவருக்கு வயது 40.