க்ளாட் வில்லியம்ஸ்: ஃபிடிலைக் கீழ வைக்காத மனுஷன்

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பின்னணி இசை எதுவும் போடல. நான் சொல்லப்போற மனுஷன் வாசிச்சது வயலின். ட்ரம்பெட், சாக்ஸஃபோன்னு இத்தனை ஊதுற வாத்தியம் இருக்கிற கூட்டத்துல ஒரு வயலின் சத்தம் எப்படி அமுங்கிப் போகும்ங்கிறதுதான் இவரு கதையில பாதி. அதனால கொஞ்சம் அமைதியாவே பேசுவோம்.

பேரு க்ளாட் வில்லியம்ஸ். ஜாஸ் உலகத்துல "ஃபிட்லர்" வில்லியம்ஸ்னு சொன்னாத்தான் தெரியும். ஃபிடில்னா வேற ஒண்ணும் இல்ல, நாட்டுப்புற இசையில வயலினுக்கு இருக்கிற பேரு. 1908 பிப்ரவரியில அமெரிக்காவுல, ஓக்லஹோமா மாநிலத்துல மஸ்கோகிங்கிற ஊர்ல பிறந்தாரு. அந்த மாநிலம் உருவாகியே அப்ப மூணு மாசம்தான். அந்த மாநிலச் செனட்டுல வந்த முதல் மசோதாவே கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டின்னு பிரிச்சு வைக்கிறதுக்குத்தான். இவரு பிறந்தது ஒரு கறுப்பினக் குடும்பத்துல. அதை மனசுல வச்சுக்கோங்க.

இவரோட மச்சான் ஒருத்தர் ஸ்ட்ரிங் பேண்ட், அதாவது கம்பி வாத்தியக் குழு, வச்சிருந்தாரு. கிடார், மேண்டலின், பேஞ்சோ, செல்லோ எல்லாத்தையும் பத்து வயசுக்குள்ள அவருகிட்டயே கத்துக்கிட்டாரு. நோட்டைப் பாத்து இல்ல, காதால கேட்டுத்தான்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். ஃபிடில், பேஞ்சோன்னாலே நமக்கு உடனே தொப்பி போட்ட வெள்ளைக்கார நாட்டுப்புறக் கலைஞர்தான் கண்ணுல வருவாரு. ஆனா பேஞ்சோவோட வேரே ஆப்பிரிக்காவுல இருக்கு. அடிமைகளா இருந்த காலத்துலயே கறுப்பினக் கலைஞர்கள் நடனத்துக்கு ஃபிடில் வாசிச்சாங்க. 1920கள்ல ரெக்கார்டு கம்பெனிக்காரங்க வந்து, வெள்ளைக்காரங்க வாசிச்சா ஒரு வரிசை, கறுப்பினத்தவர் பாடினா இன்னொரு வரிசைன்னு தனித்தனியாப் பிரிச்சு வித்தாங்க. கறுப்பின ஃபிடில்காரங்க ரெண்டுலயும் சரியா அடங்கல, பாதிப் பேரு பதிவாகவே இல்ல. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு உண்மையிலேயே மனசு கனத்துப் போச்சு. வில்லியம்ஸை நான் தேடிக் கேட்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

ஜோ வெனுட்டின்னு ஒரு ஜாஸ் வயலின்காரர். சின்ன வயசுல அவரு வாசிச்சதைக் கேட்ட வில்லியம்ஸ், இனிமே நமக்கு வயலின்தான்னு முடிவு பண்ணிட்டாரு.

அங்கிருந்து வேகமா மேல வர்றாரு. 1929ல கான்சாஸ் சிட்டியில ஆண்டி கிர்க்கோட "ட்வெல்வ் க்ளவுட்ஸ் ஆஃப் ஜாய்" இசைக்குழு முதன்முதலா ரெக்கார்டு பண்ணப்போ அதுல இவரு இருக்காரு. பியானோவுல மேரி லூ வில்லியம்ஸ், எப்பேர்ப்பட்ட கலைஞி!

இப்ப இந்த வில்லைப் பாருங்க. நாட்டுப்புற ஃபிடில்ல ஆடுறவங்களுக்காக வாசிக்கிற ஒரு பிடி இருக்கு: ஒரு நீள வீச்சு, ரெண்டு குட்டி வீச்சு. தா... தக. தா... தக. கேக்குதா? கால் தானா தட்டும். ஜாஸ்ல வில்லு இன்னொரு வேலை பண்ணும். தட்டுக்கு அரை எண்ணிக்கை முன்னாடியே ஸ்வரத்தைத் தொட்டு, அதே வீச்சுல தட்டைத் தாண்டி இழுத்துட்டுப் போகும். இப்படி. தட்டு எங்க விழுந்துச்சுன்னு உங்க காது தேடும், அதுதான் ஸ்விங். வில்லியம்ஸ் வாசிப்புல எனக்கு இந்த ரெண்டும் சேர்ந்தே கேக்குது. ஸ்வரத்துக்குள்ள வழுக்கிட்டுப் போறது, ரெண்டு கம்பியைச் சேர்த்து உரசுறது எல்லாம் ஸ்ட்ரிங் பேண்ட் வாடை. அவரு அதை எங்கயும் கழுவித் துடைக்கல.

அடுத்தது 1936. ஜாஸ் பியானோக்காரர் கவுன்ட் பேஸி சிகாகோவுக்குத் தன் இசைக்குழுவோட வர்றாரு. வில்லியம்ஸ் அதுல சேர்றாரு, கிடார்காரரா! வயலின் எப்பவாவதுதான். 1937 ஜனவரியில டெக்கா கம்பெனிக்கு அந்தக் குழு பண்ணின முதல் பதிவுல கிடார் இவரோடது. ரெண்டே மாசத்துல ஆளை மாத்திட்டாங்க. பேஸியை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்த ஜான் ஹேமண்டுக்கு வயலின் பிடிக்கல, ஃப்ரெடி கிரீனைக் கொண்டுவந்தாரு. கிரீன் 1987ல சாகுற வரைக்கும் அந்த நாற்காலியிலதான் இருந்தாரு. அம்பது வருஷம்!

கிரீன் மேல எனக்கு அளவில்லாத மரியாதை இருக்கு. ஆனா அந்த அம்பது வருஷமும் அவரு பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் இல்லாம, ஒரு தட்டுக்கு ஒரு மீட்டுன்னு தாளத்தைத் தாங்கிப் பிடிச்சாரு. வில்லியம்ஸ் அங்கயே இருந்திருந்தா பேரு வந்திருக்கும், வயலின் பெட்டிக்குள்ள போயிருக்கும். எனக்கு அப்படித்தான் தோணுது.

அதுக்கப்புறம் நெடுங்காலம் பெரிய வெளிச்சம் இல்ல. சின்னச் சின்னக் குழுக்கள், 1950கள்ல திரும்பவும் கான்சாஸ் சிட்டி. ஆனா வாசிக்கிறதை விடல.

1972ல பியானோக்காரர் ஜே மெக்ஷானோட சேர்ந்து ஒரு ஆல்பம் பண்ணினாரு. பேரு "தி மேன் ஃப்ரம் மஸ்கோகி". மெக்ஷானும் மஸ்கோகியில பிறந்தவர்தான், எட்டு வயசு இளையவரு. வில்லியம்ஸுக்கு அப்ப 64 வயசு. ஓய்வெடுக்கிற வயசுல அவருக்கு ஊர் ஊரா வாசிக்கிற வாழ்க்கை மறுபடி ஆரம்பிக்குது. 1989ல நியூயார்க் பிராட்வேயில "பிளாக் அண்ட் ப்ளூ" நிகழ்ச்சி மேடையில இருந்தாரு. அதே வருஷம் நியூயார்க்ல ஒரு கிளப்புல வாசிச்சதுதான் "லைவ் அட் ஜே'ஸ்" பதிவு, வயசு 81. முதல்ல இதைக் கேளுங்க.

1998ல தேசிய பாரம்பரிய விருது கிடைச்சது. அமெரிக்காவுல நாட்டுப்புற, மரபுக் கலைஞர்களுக்குக் கொடுக்கிற விருது அது. ஜாஸ் மேதைகளுக்குன்னு தனி விருது இருக்கு. இவருக்குக் கிடைச்சது நாட்டுப்புற விருது. அதைக் கேட்டதும் அந்த மச்சானோட ஸ்ட்ரிங் பேண்ட்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

ஃபிடில் கலைஞர் மார்க் ஓ'கானர் நடத்தின முகாம்கள்ல இளசுகளுக்குச் சொல்லியும் கொடுத்தாரு. 2004 ஏப்ரல்ல, 96 வயசுல, கான்சாஸ் சிட்டியில காலமானாரு.

சரி, விரல்ல எண்ணிட்டே வாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணுலயும் மூணுலயும் கை தட்டாதீங்க, ரெண்டுலயும் நாலுலயும் தட்டுங்க. நான் அந்த நீள வீச்சுல இருந்து ஆரம்பிக்கிறேன்.