இடம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு

(திரையில் நான்கு வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

ஜிமேட் மதிப்பெண் 675. பட்டப்படிப்பில் முதல் வகுப்பு. மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு வேலை. ஹார்வர்டு, ஸ்டான்போர்டு, வார்ட்டன் மூன்றுக்கும் எம்.பி.ஏ. விண்ணப்பம் போடப் போகிறேன், இடம் கிடைக்குமா?

எனக்கு வரும் கேள்விகளில் பத்துக்கு எட்டு இந்த அச்சில்தான் இருக்கும். ஜிமேட் என்பது எம்.பி.ஏ. சேர்க்கைக்குக் கல்லூரிகள் பார்க்கும் தேர்வு. மூன்றும் அமெரிக்கக் கல்லூரிகள். முன்பெல்லாம் நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். இங்கே இருபது சதவீதம், அங்கே கொஞ்சம் கஷ்டம் என்று. கேட்டவருக்கும் திருப்தி, சொன்ன எனக்கும் பெருமை. கூண்டுக்கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டுக்கும் நான் சொன்ன சதவீதத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. இந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது. வேறு எதை வைத்துச் சொல்லலாம் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

எல்லோரும் முதலில் தேடிப் பிடிக்கும் எண் சேர்க்கை விகிதம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலுக்கு ஓராண்டில் ஏறக்குறைய 10,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். வகுப்பில் சேர்பவர்கள் 900 பேருக்குச் சற்று மேல். ஸ்டான்போர்டின் வகுப்பு இன்னும் சிறியது, 400 பேருக்குச் சற்று மேல். இதை வகுத்துப் பார்த்துவிட்டு, 'பத்தில் ஒருவர், ஆக எனக்குப் பத்து சதவீதம்' என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். குலுக்கல் முறையில் பெயர் எடுத்தால் அந்தக் கணக்கு சரி. இங்கே நடப்பது குலுக்கல் அல்ல. அந்தக் குவியலில் நாற்பது சதவீத வாய்ப்புள்ளவரும் இருப்பார், அரை சதவீதம்கூட இல்லாதவரும் இருப்பார். இருவரையும் கலந்து எடுத்த சராசரி இருவருக்குமே பொருந்தாது.

அடுத்தது ஜிமேட். இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதனால் வீணாகத் தூக்கத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

(திரையில் இரண்டு அளவுகோல்கள்: பழையது 200 முதல் 800, புதியது 205 முதல் 805.)

2023 நவம்பரில் ஜிமேட் தேர்வு புதிய வடிவம் எடுத்தது. கட்டுரை போயிற்று, வாக்கியத் திருத்தம் போயிற்று, தரவுகளைப் படித்து முடிவெடுக்கும் பகுதி கணிதம், மொழி என்ற மற்ற இரண்டு பகுதிகளுக்கும் சமமான இடத்துக்கு வந்தது. மதிப்பெண் அளவுகோலும் மாறியது. பழைய மதிப்பெண்கள் பூஜ்யத்தில் முடியும், புதியவை எல்லாம் ஐந்தில் முடியும். புதிய 645 என்பது பழைய 700-க்கு ஏறக்குறைய இணை. ஆகவே 675 வாங்கியவர், எங்கோ படித்த 730 என்ற பழைய சராசரியைப் பார்த்து இடிந்துபோக வேண்டியதில்லை. அவரும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் நிற்கிறார். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் கடைசி இலக்கத்தைப் பாருங்கள், பாதிக் கவலை தீரும்.

சரி, உயரம் போதும் என்றே வைத்துக்கொள்வோம். அது எதை வாங்கித் தரும்? கல்லூரிகள் வெளியிடும் இடைநிலை மதிப்பெண் என்பது வரிசையின் நடுவில் நிற்பவருடையது. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அதற்கு மேல் இல்லை. கீழே இருக்கும் அந்தப் பாதி எப்படி உள்ளே வந்தது என்று யோசித்தால்தான் விஷயம் பிடிபடும். மதிப்பெண் சொல்லாத வேறு ஒன்றை அவர்களுடைய விண்ணப்பம் சொல்லியிருக்கிறது.

என் முழுப் பேச்சும் இதைச் சுற்றித்தான். விண்ணப்பத்தைப் படிப்பவர் அதில் தேடுவது செய்தியை. அவர் ஏற்கெனவே ஊகித்துவிட்ட ஒன்றை நீங்கள் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது செய்தி ஆகாது. பொறியியல் படித்தவர் ஜிமேட் கணிதப் பகுதியில் 90-க்கு 88 வாங்கினால் படிப்பவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். இலக்கியம் படித்து, நாடகக் குழு நடத்தியவர் அதே 88-ஐ வாங்கினால் பேனா ஒரு கணம் நிற்கும். மதிப்பெண் ஒன்றுதான், எடைதான் வேறு.

இதை ஓரவஞ்சனை என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹார்வர்டில் ஒரு பிரிவில் ஏறக்குறைய 90 பேர் அமர்கிறார்கள். ஒரு நிறுவனம் சிக்கலில் மாட்டிக்கொண்ட கதையைக் கையில் கொடுத்து, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு வாதாட விடுகிறார்கள். பாடத்தில் பெரும்பகுதி பக்கத்தில் இருப்பவர் வாயிலிருந்துதான் வருகிறது. அந்த 90 பேரில் 50 பேர் ஒரே தொழிலிலிருந்து வந்திருந்தால் வாதம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே நீங்கள் 10,000 பேரோடும் மோதவில்லை. உங்களைப் போலவே படித்து, உங்களைப் போலவே வேலை பார்த்தவர்களோடுதான் முதலில் மோதுகிறீர்கள். அந்தக் கூட்டம் பெரிதாக இருந்தால் அதற்குள் தனியாகத் தெரிவதுதான் பாடு.

தனியாகத் தெரிகிறீர்களா என்பதை அளக்க என்னிடம் ஒரே ஒரு கருவி இருக்கிறது. பக்கத்து நாற்காலிச் சோதனை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

உங்கள் பயோடேட்டாவை எடுங்கள். பெயரை விரலால் மறையுங்கள். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எந்தெந்த வரிக்குக் கீழே கூசாமல் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம்? அவற்றையெல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் விண்ணப்பம். பலருக்கு இரண்டு வரி மிஞ்சும். சிலருக்கு ஒன்றுமே மிஞ்சாது, அன்று மாலை அவர்கள் என்னோடு பேச மாட்டார்கள்.

தொடக்கத்தில் சொன்ன 675 மதிப்பெண்காரரிடமும் இதைச் செய்யச் சொன்னேன். அவருடைய பயோடேட்டாவில் முதல் வரி இது.

(திரையில்: 'வாடிக்கையாளர் திட்டங்களில் குழுவை வழிநடத்திச் செயல்திறனை மேம்படுத்தினேன்.')

பக்கத்து நாற்காலி மட்டுமல்ல, அந்த மாடி முழுவதும் இதில் கையெழுத்துப் போடலாம். அடித்தோம். அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாம் அப்படியே. பேச்சை முடிக்கப் போகும்போது, வேறு எதற்கோ பதிலாக, ஒன்றைச் சொன்னார். வாடிக்கையாளர் நிறுவனத்தின் உதவி மையத்தில் இரவு நேரத்தில் வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்தாராம். தன் வேலை முடிந்த பிறகு இரண்டு மாதம் அந்த இரவுப் பணியாளர்களோடு உட்கார்ந்து, புகார்களை வகை பிரித்தாராம். பெரும்பாலானவை ஒரே ஒரு திரையில் இருந்த குழப்பமான படிவத்தால் வந்தவை. அதை மாற்றியதும் இரவு அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. அதே முறையை இன்னும் இரண்டு மையங்கள் கேட்டு வாங்கிக்கொண்டன.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது என் வேலை இல்லையே சார்" என்றார்.

அவருடைய வேலை இல்லை என்பதால்தான் அது செய்தி. யாரும் சொல்லாமல் செய்தார். தன் கட்டளைக்குக் கீழ் இல்லாதவர்களை ஒத்துழைக்க வைத்தார். அவரிடம் எந்த அதிகாரமும் இல்லாத இடத்தில் அவர் யோசனை பரவியது. சேர்க்கைக் குழுக்கள் 'தலைமைப் பண்பு' என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் தேடுகின்றன. பத்துப் பேருக்கு மேலாளர் என்ற பட்டத்தை அல்ல. மாற்றி எழுதிய வரியில் 'வழிநடத்தினேன்' என்ற சொல்லே இல்லை. அழைப்புகள் பாதியானதும், இரண்டு மையங்கள் கேட்டு வாங்கியதும் மட்டும் இருந்தன.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே உரைகல்தான். 'கடும் உழைப்பாளி, எங்கள் நிறுவனத்தின் மிகச் சிறந்த ஊழியர்களில் ஒருவர்' என்று நிறுவனத் தலைவரே கையெழுத்திட்டுத் தந்தாலும் அதில் செய்தி இல்லை. இப்போது இந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

(திரையில் கடிதத்தின் வரிகள்.)

'கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் என் திட்டத்தை மறுத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்று வாரம் கழித்து அவர் சொன்னதே சரியாயிற்று. அதை அவர் ஒருமுறைகூட எனக்கு நினைவூட்டவில்லை.'

நான்கே வரி. நான் காட்டுவதற்காக எழுதியதுதான். ஆனால் நேரடி மேலாளர் மட்டுமே இப்படி எழுத முடியும். பல கல்லூரிகள் பொதுவாகப் பயன்படுத்தும் பரிந்துரைப் படிவத்தில், இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான திருத்தம் எது, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றே கேட்கிறார்கள். உங்களை வருடத்துக்கு ஒருமுறை மேடையில் பார்க்கும் தலைவரால் இதற்கு என்ன எழுத முடியும்? 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லும் மேலாளரிடமிருந்து மரியாதையாக விலகிவிடுங்கள். கட்டுரையையும் கடிதத்தையும் ஒரே கை எழுதியிருந்தால், நாள் முழுவதும் இவற்றையே படிப்பவருக்கு அது தெரியாமல் போகாது.

எதிர்காலத் திட்டம் பற்றிச் சுருக்கமாக. கனவு எவ்வளவு பெரியது என்று யாரும் அளப்பதில்லை. இந்த ஆள், இந்தப் படிப்பைப் படித்து, அந்த வேலைக்குப் போக வழி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டாண்டுப் படிப்பில் நடுவே ஒரு கோடைக்காலம் வரும். துறை மாற நினைப்பவருக்கு அப்போது கிடைக்கும் பயிற்சிப் பணிதான் வெள்ளோட்டம். பிரான்சின் இன்சியாட் கல்லூரியின் எம்.பி.ஏ. படிப்போ ஏறக்குறைய பத்து மாதம். ஜனவரியில் தொடங்குபவர்களுக்கு நடுவில் கோடை இடைவெளி உண்டு, ஆகஸ்டில் தொடங்குபவர்களுக்கு இல்லை. துறையை முழுதாக மாற்றுவேன் என்று எழுதிவிட்டு ஆகஸ்டுப் பிரிவுக்கு விண்ணப்பித்தால், பயிற்சிப் பணி இல்லாமல் எப்படி மாறுவாய் என்ற கேள்வி படிப்பவருக்கு எழும். பதிலும் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும்.

பட்டப்படிப்பு மதிப்பெண் குறைவு என்றால்? முடிந்து போன கதை. ஒரு விளக்கம், இரண்டு வாக்கியம், அதோடு அண்மையில் எழுதிய ஏதாவது ஒரு கடினமான தேர்வின் முடிவு. அதற்கு மேல் அழ வேண்டாம்.

நேர்காணல் அழைப்பை எப்படிப் படிப்பது என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஹார்வர்டில் அழைப்பு இல்லாமல் நேர்காணல் இல்லை. ஆகவே அழைப்பு வந்தாலே பெரிய சல்லடையைத் தாண்டியாயிற்று. உங்கள் கோப்பை முழுதாகப் படித்தவர் 30 நிமிடம் பேசுவார். வார்ட்டனில் ஐந்தாறு பேரை ஒன்றாக உட்கார வைத்து ஒரு பொருளைக் கொடுத்துப் பேச விடுவார்கள். அங்கே அதிகம் பேசுகிறவர் ஜெயிப்பதில்லை. மற்றவர் பாதியில் விட்ட யோசனையை எடுத்து முடித்துத் தருகிறவரை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

இனி, எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது? இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது.

(திரையில்: 0.8 × 0.8 × 0.8 × 0.8 × 0.8 = 0.33)

ஒவ்வொரு கல்லூரியிலும் இருபது சதவீதம் வாய்ப்பு என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்திலும் கிடைக்காமல் போவதற்கு 33 சதவீதம். ஆக, ஏதாவது ஒன்றில் கிடைக்க 67 சதவீதம். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஐந்து முடிவுகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். நீங்கள் அனுப்புவதோ அதே பயோடேட்டா, அதே கடிதங்கள், கிட்டத்தட்ட அதே கட்டுரை. ஓட்டைக் குடத்தை ஐந்து கிணற்றில் இறக்கினாலும் வீட்டுக்கு வரும் தண்ணீர் ஒன்றுதான். ஒரே வகைக் கல்லூரிகளை ஐந்தாக்குவதைவிட, எதிர்பார்ப்பு வேறுபடும் மூன்றைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதுவது மேல்.

நம் 675-காரர் ஸ்டான்போர்டை விட்டுவிட்டார். உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன் என்பது அவர்களுடைய புகழ்பெற்ற கட்டுரைக் கேள்வி. மூன்று வாரம் எழுதிப் பார்த்தார். எழுதியது எதுவும் அவருக்கே பிடிக்கவில்லை. அந்த இடத்தில் இன்சியாட்டின் ஜனவரிப் பிரிவைச் சேர்த்துக்கொண்டார். ஹார்வர்டும் வார்ட்டனும் அப்படியே இருக்கின்றன. அந்த இரண்டிலும் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் முதல் சுற்றுக்கு விண்ணப்பம் தயாராகத்தான் இருந்தது, ஒரு கடிதம் நீங்கலாக. அந்த இரவுப் பணியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் உதவி மையத்தின் மேற்பார்வையாளர் ஒருவர்தான். அவர் வேறு நிறுவனத்துக்குப் போய் மூன்று ஆண்டாகிறது, இடையில் பேச்சே இல்லை. ஆகவே ஜனவரி தொடக்கத்தில் வரும் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இப்போது அந்த மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்.