வம்பு தும்பு இல்லாத பிள்ளையைப் பற்றி ஒரு சந்தேகம்

ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "என் வகுப்பில் ஒரு பையன். சேட்டை கிடையாது, மதிப்பெண்ணும் பரவாயில்லை. ஆனால் யாரோடும் ஒட்டுவதில்லை. பள்ளியில் அவன் பயமில்லாமல் இருக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. குறும்பு செய்கிற பிள்ளையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பற்றி நான் ஓயாமல் பேசுவது வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். மறுபடியும் அதுதான். வருகைப்பதிவு எடுக்கும்போது தவிர, அந்தப் பையன் பெயரை ஒரு நாளில் யாராவது சொல்கிறார்களா? நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு சிறுமி நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவளிடம், "லீவ் லெட்டர் எங்கே?" என்று கேட்டேன். நீட்டினாள். காய்ச்சல் என்று இருந்தது. மடித்து வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

சரி, பயத்துக்கு வருகிறேன். வகுப்பறைக்குள் அது எப்போதும் தெரிந்துவிடாது. பெரியவர்கள் கண் படாத இடத்தில் சீண்டல் எளிதாக நடக்கும்: கழிப்பறை, மாடிப்படி, பேருந்தின் பின் இருக்கை. நாள் முழுக்கக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்கிறானா, இடைவேளை மணி அடித்தும் வெளியே போகாமல் இருக்கிறானா, பாருங்கள். "பயமா இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வான். அவனைத் தனியாகக் கேட்பதைவிட, வகுப்பு முழுக்கப் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, போகப் பிடிக்காத இடத்தில் நிறம் தீட்டச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். ஒரே இடத்தில் நிறம் குவிந்தால், அங்கே ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

ஆனால் இதை உங்கள் ஒருவர் தலையில் கட்டக் கூடாது. 1993-இல் கேரல் குட்னோ என்ற ஆய்வாளர், பள்ளியோடு ஒரு பிள்ளைக்கு இருக்கும் ஒட்டுதலை அளக்க 18 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். அதில் ஒன்று, பிரச்சினை என்றால் பேசுவதற்கு இந்தப் பள்ளியில் ஒரு பெரியவராவது எனக்கு இருக்கிறார் என்பது. ஒருவர் போதும். அது வகுப்பு ஆசிரியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நூலகராக இருக்கலாம், காவலாளியாகவும் இருக்கலாம்.

அதனால் ஆசிரியர் அறையில் பெயர்ப் பட்டியலை ஒட்டுங்கள். மதிப்பெண் தவிர வேறு ஏதாவது ஒன்று தெரிந்த பிள்ளைக்கு நேரே ஒவ்வொருவரும் டிக் போடட்டும். ஒரு டிக்கும் விழாத பெயர்களைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பையனை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஒரு மாதம் கழித்து, அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கு எழுதுங்கள்.