விசில் ஊதியவர் பக்கம்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்.

வெற்றிக்குப் பெரிதும் காரணம் சொந்த முயற்சியா, கைதூக்கி விட்டவர்களா? நான் கைதூக்கி விட்டவர்கள் அணி. எதிரணித் தம்பி இங்கிலாந்து ரக்பி வீராங்கனை மேகி அல்ஃபோன்சியைக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தை. லண்டன் எட்மண்டனில் அரசுக் குடியிருப்பு. ஒற்றை ஆளாக வளர்த்த, நைஜீரியாவைப் பூர்வீகமாகக் கொண்ட தாய். அப்படி வந்தவர் 74 சர்வதேசப் போட்டிகள் ஆடினார், 2014இல் உலகக் கோப்பையும் வென்றார். எல்லாம் சரி. போகிற போக்கில் தம்பி ஒன்று சொன்னார் பாருங்கள்: "பள்ளிக்கூடத்து டீச்சர் விசில்தான் ஊதினார். ஓடியது மேகி. விசில் ஊதினவருக்கா பதக்கம்?"

தம்பி, அந்த விசில் யார் கையில் இருந்தது தெரியுமா? லிசா பர்ஜஸ். 1987இல் வேல்ஸ் பெண்கள் முதன்முதலாகச் சர்வதேச ரக்பி ஆடினார்கள். எதிரே இங்கிலாந்து. வேல்ஸ் கேப்டன் யார்? இந்த டீச்சர்தான்! ரக்பி என்று வந்துவிட்டால் வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் பங்காளிச் சண்டை. அந்த வேல்ஸ் கேப்டன் லண்டன் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைப் பார்க்கிறார். இது நாளைக்கு இங்கிலாந்துக்கு ஆடுமே, நம் பிள்ளைகளையே பிடித்துச் சாய்க்குமே என்று கணக்குப் பார்க்கவில்லை. ரக்பிக்கு இழுத்து வந்துவிட்டார்.

நாம் பங்காளி வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுப்போமா? கொல்லையில் சும்மா காய்கிற கறிவேப்பிலை! கேட்டால் "இப்பதான் பறிச்சோம்" என்போம். இந்த அம்மா மேகி என்கிற ஒரு ஃபிளாங்கரையே தூக்கிக் கொடுத்திருக்கிறார். தம்பி குறித்துக்கொள்ளட்டும், மறுபடியும் சொல்கிறேன். கொடுத்தது வேல்ஸ் கேப்டன். வாங்கியது இங்கிலாந்து. கொடுத்தது கறிவேப்பிலை இல்லை, ஃபிளாங்கர்! பந்தோடு வருகிறவரைப் பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்க்கிற வேலை அது. நம் கபடிப் பிடி மாதிரிதான், ஆனால் 80 நிமிடம். மேகிக்குப் பட்டப்பெயரே 'மெஷின்'.

அப்புறம், தம்பி ரக்பியைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாரா? பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் வரிசையாக நிற்பார்கள், பந்தை உள்ளே எறிவார்கள். உடனே இரண்டு பேர் ஒருத்தியைத் தொடையில் பிடித்து அந்தரத்தில் தூக்குவார்கள். அவள் மேலே பந்தைப் பிடிப்பாள். மறுநாள் படத்தில் அவள் முகம் பளிச்சென்று இருக்கும். தூக்கியவர்கள் முகம் அவள் காற்சட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும். கைதூக்கி விடுவதை விதியிலேயே வைத்திருக்கிற ஆட்டத்தைக் கொண்டுவந்து எங்களுக்கு எதிராகப் பேசுகிறார் தம்பி. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்!

இன்னொன்று. 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்கு நியூசிலாந்திடம் தோல்வி. 2010இல் சொந்த லண்டனிலேயே 13-10, மூன்று புள்ளியில் போயிற்று. அன்றைக்கு மேகியின் முயற்சி குறைந்துவிட்டதா? பதிலைத் தம்பி அணித்தலைவரிடம் கேட்டுச் சொல்லட்டும்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே நிமிடம் ஐயா.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வட்டு எறிவேன். வெளியூர்ப் போட்டி. பொம்பளைப் பிள்ளையை அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். சாயங்காலம் எங்கள் பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். கழுத்தில் அதே விசில். அம்மா திண்ணையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டீச்சரும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறம் காலியாகிற நேரத்தில் அப்பாவே, "எத்தனை மணிக்கு பஸ்ஸு டீச்சர்?" என்றார்.

போனேன். கடைசி இடம்.

திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "என்ன டீச்சர்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி, வெங்காயம் உரிச்சது" என்றார்.

வெங்காயம் உரித்தது முந்தின நாள், நடுவர் அவர்களே. வணக்கம்.