விண்டோஸ் டிஃபென்டர் மட்டும் போதுமா? காசு கட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்

[திரையில்: விண்டோஸ் செக்யூரிட்டி பக்கம். வரிசையாகப் பச்சை டிக்.]

இது என் பெரியப்பா வீட்டு லேப்டாப். எங்கே பார்த்தாலும் பச்சை டிக். ஆனால் இந்த லேப்டாப்பின் சி டிரைவை, விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் பல மாதமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வைரஸ் வந்து பாய் விரித்துப் படுத்திருந்தாலும் இந்த டிக் பச்சையாகவேதான் இருந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் ‘விண்டோஸோடு வருவதே போதுமா, தனியாக ஆன்டிவைரஸ் வாங்கணுமா’ என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

வணக்கம் நண்பர்களே. பழைய கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சின்ன கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அவர்களுடைய மென்பொருள்தான் பின்னால் டிஃபென்டர் ஆனது. முதலில் அது ஸ்பைவேரை, அதாவது நம்மை வேவு பார்க்கும் மென்பொருளை மட்டும்தான் பார்க்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் முழு ஆன்டிவைரஸ் ஆனது. ‘டிஃபென்டர் சும்மா பேருக்கு’ என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம். இன்றைக்கு ஜெர்மனியில் இருக்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்படுத்த எளிமை என்று தலா 6 வீதம் 18 மதிப்பெண்ணுக்குச் சோதிக்கிறது. டிஃபென்டர் அதில் பலமுறை 18-க்கு 18 வாங்கியிருக்கிறது.

அதனால் என் பதில்: வீட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதன் கையை நாமே கட்டிப்போடாமல் இருக்கணும்.

[திரையில்: மவுஸ் மெதுவாகக் கீழே இறங்குகிறது]

இப்போது என்னோடு சேர்ந்து நீங்களும் திறங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி, அதில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ். கீழே வந்துகொண்டே இருந்தால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒன்று வரும். ‘இந்த இடத்தைச் சோதிக்காதே’ என்று டிஃபென்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. பெரியப்பாவின் பட்டியலில் ஒரே ஒரு வரி. சி டிரைவ். மொத்தமும்.

யார் போட்டது? லேப்டாப்பை சர்வீசுக்குக் கொடுத்த கடையில், திருட்டு விண்டோஸ் போட்டபோது போட்டிருக்கிறார்கள். கேட்டேன். “அப்படி வைக்கலைன்னா ஆக்டிவேட் ஆகாது சார், டிஃபென்டர் கிராக்கைத் தூக்கிடும்” என்றார்கள். கிராக், அதாவது காசு கட்டாமல் ஓடும்படி உடைத்த மென்பொருளோடு வரும் குறிப்பு எதை எடுத்தாலும் முதல் வரி பெரும்பாலும் இதுதான்: ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும். ராத்திரி இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத ஆள் வந்து ‘நாயைக் கட்டுங்க, உள்ளே வரணும்’ என்றால் யாராவது கதவைத் திறப்போமா? இதே இடத்தில் வருடச் சந்தா கட்டிய ஆன்டிவைரஸ் இருந்திருந்தாலும், அதையும்தான் ஆஃப் செய்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கியதால் அது மட்டும் தப்பித்திருக்காது.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகவே இந்த வீடியோவை எடுக்க நினைத்தேன்.

[திரையில்: டவுன்லோட் செய்த ஒரு ஃபைலின் பிராபர்ட்டீஸ் பெட்டி. அடியில் ‘அன்பிளாக்’ என்ற சின்னக் கட்டம்.]

பிரவுசரில் ஒரு ஃபைலை இறக்கினால் அதன் முதுகில் ஒரு சீட்டை விண்டோஸ் ஒட்டிவிடும். ஜோன் ஐடென்டிஃபையர் என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே 3 என்று ஒரு எண் இருக்கும். 3 என்றால் இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்று அர்த்தம். பல நேரம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதுகூட அதில் எழுதியிருக்கும். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, எந்த அடுக்களைக்குப் போனாலும் ‘இது யார் வீட்டுக் கிண்ணம்’ என்று தெரிய, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. நீங்கள் அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்யும்போது, விண்டோஸில் இருக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற காவலாளி இந்தச் சீட்டைப் பார்க்கும். அறிமுகமில்லாத மென்பொருளாக இருந்தால் நீலப் பெட்டி வந்து தடுக்கும். வேர்டு ஃபைல் திறக்கும்போது மேலே மஞ்சள் பட்டை வருகிறதே, அதுவும் இந்தச் சீட்டு செய்யும் வேலைதான். 2022-லிருந்து ஆபீஸ் மேக்ரோவை, அதாவது வேர்டு, எக்செல் ஃபைலுக்குள் ஒளிந்து வரும் சின்ன புரோகிராமைத் தடுப்பதும் இதை வைத்துத்தான்.

ஆனால் பாத்திரத்தில் வெட்டிய பெயர் அழியாது. இது ஒட்டிய சீட்டு, உரிந்து விழும். எங்கே விழுகிறது தெரியுமா? பென்டிரைவில்! இந்தச் சீட்டை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்தான் தாங்கும். கடையில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அதில் இந்தச் சீட்டை வைக்க இடமே கிடையாது. நண்பர் ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, பென்டிரைவில் போட்டு உங்களிடம் கொடுக்கிறார். உங்கள் மெஷினுக்கு வரும்போது அது ஊர் பேர் இல்லாத ஃபைல். வைரஸ் சோதனை அப்போதும் நடக்கும், ஆனால் நீலப் பெட்டி வராது. நம் ஊரில் பிரிண்ட் எடுக்கும் கடைக்கும் காலேஜ் லேபுக்கும் வீட்டுக்குமாகப் பென்டிரைவ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

அப்புறம் அப்டேட். வானாக்ரை என்ற ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ், விண்டோஸின் ஒரு ஓட்டை வழியாக உலகத்தை உலுக்கியது 2017 மே 12. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது மார்ச் 14. நடுவில் 59 நாள் இருந்தது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளியவர்கள்தான் நிறைய மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிஃபென்டருக்கு வைரஸ் பட்டியல் வந்துகொண்டிருந்தாலும், மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்கு விண்டோஸின் ஓட்டைகள் அப்படியே கிடக்கும்.

இலவச ஆன்டிவைரஸ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பயனர்களின் பிரவுசிங் விவரத்தை விற்றதற்காக, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2024-ல் சொன்னது. காசு செலவு செய்தே ஆகணும் என்றால் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, குடும்பப் படங்களை அதில் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். ரேன்சம்வேர் பீரோவைத் திறக்காது. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுபவனை எந்த ஆன்டிவைரஸும் பிடிக்காது. போனைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பெரியப்பா லேப்டாப்புக்கு வருவோம். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டினேன். இரண்டு மாட்டியது. ஆனாலும் அத்தனை மாதம் திறந்து கிடந்த மெஷினை ஒரு ஸ்கேனை மட்டும் நம்பி விட எனக்கு மனசு வரவில்லை. படங்களை எடுத்து வைத்து, எல்லாவற்றையும் அழித்து, அசல் விண்டோஸ் போட்டோம். “ஏன்டா, இதிலேதான் பேங்க் வேலையெல்லாம் பண்ணினேன்” என்றார். அன்று சாயங்காலமே பெரியம்மாவின் போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

இப்போது உங்கள் எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் ‘காலி’ என்று கமென்ட் போடுங்கள். நீங்கள் போடாத ஏதாவது ஒரு ஃபோல்டர் அங்கே இருந்தால் அதன் பெயரை எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன்.