முள்ளுக்கு எந்தக் கையுறை? சீமைக்கருவேலம் மண்டின மனையில் கை வைக்கும் முன்

[காட்சி: ஆள் புழங்காத வீட்டு மனை. வேலியோரம் சீமைக்கருவேலம், அடியில் உண்ணிச்செடி, மூலையில் சப்பாத்திக்கள்ளி.]

வணக்கம். வாங்கிப் போட்டுட்டு எட்டிப் பார்க்காத மனை நாலைஞ்சு வருஷத்துல இப்படி ஆயிடும். சுத்தம் பண்ண அரிவாளைத் தீட்டி வைப்போம், கடப்பாரையைத் தேடி எடுப்போம். கையுறை மட்டும் கடையில எது தொங்குதோ அது. இந்த வீடியோ அந்தக் கையுறையைப் பத்தினது.

[காட்சி: கிளைக் கணு, மிக நெருக்கத்தில். பக்கத்தில் அளவுகோல்.]

இது சீமைக்கருவேல முள். கணுவுக்குக் கணு ஜோடியா நிக்கும். முத்தினது 5 செ.மீ. வரைக்கும் வளரும். அடி தடிமன், நுனி ஊசி. காய்ஞ்ச முள் இன்னும் மோசம். குத்தின வேகத்துல நுனி ஒடிஞ்சு சதைக்குள்ள தங்கிடும். உண்ணிச்செடி முள் வேற ரகம். சின்னது, பின்பக்கமா வளைஞ்சது. கையை வெளிய இழுக்கும்போதுதான் கொக்கி போட்டுக் கீறும்.

[காட்சி: மேசையில் மூன்று ஜோடிக் கையுறைகள்.]

முதல்ல இருக்கிறது சாதா நூல் கையுறை. அழுக்குக்கு ஆகும், முள்ளுக்கு ஆகாது. ரெண்டு ஜோடியை ஒண்ணு மேல ஒண்ணு போட்டாலும் ஆகாது.

அடுத்தது கட்-ரெசிஸ்டன்ட் கையுறை. நிறைய பேர் ஏமாறுறது இதுலதான். கத்தியை அழுத்தி இழுத்துக் காட்டுவாங்க, அறுபடாது. அது உண்மைதான். ஆனா கத்தி உள்ள போகணும்னா நூலை அறுத்தாகணும். முள்ளுக்கு அந்த வேலையே இல்லை. ரெண்டு இழையை விலக்கிட்டு நடுவுல போயிடும். உள்ளங்கையில நைட்ரைல்ங்கிற ரப்பர் பூச்சு இருந்தாலும், புறங்கை பெரும்பாலும் வெறும் பின்னல்தான்.

மூணாவது தோல். நமக்கு வேண்டியது இது. ஆனா தோல்லயும் ரகம் இருக்கு. ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற வெல்டிங் கையுறை மாட்டுத்தோலோட உள்அடுக்குல செஞ்சது, ரெண்டு பக்கமும் சொரசொரன்னு இருக்கும். தடிமன் அதிகம், நீளம் 35 செ.மீ. அளவுல வரும், விலையும் குறைவு. விரல் மட்டும் மடங்காது. வெட்டின கிளையை இழுத்துக் குவிக்க இதுவே போதும். கத்தரிக்கோல் பிடிச்சு உண்ணிச்செடியையோ காகிதப்பூக் கொடியையோ நறுக்கணும்னா, வழவழப்பான மேல்தோல் ஆட்டுத்தோல் கையுறை எடுங்க. மெல்லிசா இருந்தாலும் அதுல நார் நெருக்கமா இருக்கும், விரலும் சொன்னபடி கேட்கும்.

[காட்சி: கையுறையின் முதுகில் சுத்தியல் படம், கீழே 4 1 3 3 எக்ஸ்.]

சுத்தியல் படம் போட்டு ஈஎன் 388ன்னு, அதாவது பாதுகாப்புக் கையுறைக்கான ஐரோப்பியத் தர எண் இருந்தா, அடியில இருக்கிற எண்களைப் படிங்க. முதல் எண் தேய்மானம், ரெண்டாவது கத்தி வெட்டு, மூணாவது கிழிசல், நாலாவது குத்தல். கடைசி எழுத்து வேற முறையில பார்த்த வெட்டுச் சோதனை. எக்ஸ்னா அந்தச் சோதனை செய்யலைன்னு அர்த்தம். நாம பார்க்க வேண்டியது நாலாவது எண். அதுல 3 இருந்தா 100 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 10 கிலோ அழுத்தத்தைத் தாங்கியிருக்கு. 4 இருந்தா 150 நியூட்டன். 3க்குக் கீழ வாங்காதீங்க.

ஆனா இந்த எண்ணையே முழுசா நம்பிடக் கூடாது. அந்தச் சோதனையில குத்துறது 4.5 மி.மீ. கனமுள்ள எஃகுக் கம்பி, அதோட முனை உருண்டை. கருவேல முள் நுனி அதைவிடப் பல மடங்கு கூர். அதுவும் சோதிக்கிறது உள்ளங்கைப் பகுதியை.

[காட்சி: கையுறைக்குள் துணி சோப்பு. வெளியிலிருந்து குறடால் பிடித்த முள் அழுத்தப்படுகிறது.]

அதனால வீட்டிலேயே சோதிச்சிடுங்க. துணி சோப்பை நறுக்கிக் கையுறைக்குள்ள நுழைங்க. உங்க மனையில இருக்கிற முள்ளையே குறட்டால பிடிச்சு வெளியிலிருந்து அழுத்துங்க. சோப்பை எடுத்துப் பார்த்தா ஓட்டை விழுந்திருக்கான்னு தெரியும். உள்ளங்கை, புறங்கை, விரலோட பக்கவாட்டு, தையல், இந்த நாலு இடத்துலயும் செய்யுங்க. உள்ளங்கை தாங்கும், பக்கவாட்டுல தோத்துப்போகும். நிறைய கையுறை இப்படித்தான்.

[காட்சி: கைமுட்டிகளைச் சுற்றி அளவு நாடா.]

அளவுக்கு, கட்டை விரலை விட்டுட்டு உள்ளங்கையைச் சுத்தி அளங்க. 8 அங்குலம் வந்தா 8ஆம் நம்பர். இறுக்கமா வாங்கினா முட்டி மேல தோல் விறைச்சு நிக்கும், முள் நேரா சதையில இறங்கும். தொளதொளன்னு இருந்தா விரல் நுனியில மிச்சம் இருக்கிற தோல் கத்தரிக்கோல் வாயில சிக்கும்.

இன்னொண்ணு மணிக்கட்டு. வெட்டின கிளை விலுக்குன்னு எகிறும்போது படுறது அங்கதான். முழங்கைக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் மூடுற கையுறை, உள்ள ஜீன்ஸ் மாதிரி கனத்த துணியில முழுக்கைச் சட்டை. கையைத் தூக்கி வெட்டும்போது சுள்ளி உள்ள விழும். வாயை நாடா வெச்சுக் கட்டிக்கங்க. புல் வெட்டுற மெஷின் ஓட்டும்போது மட்டும் இந்த அகல வாய்க் கையுறை வேண்டாம். சுத்துற பாகத்துல மாட்டும். கையோட ஒட்டினது போடுங்க.

எந்தக் கையுறையும் பாம்புக் கடிக்கு உத்தரவாதம் இல்லை. குவியலைக் கவைக்கம்பால புரட்டின பிறகே கை வையுங்க. சப்பாத்திக்கள்ளியைத் தோல் கையுறையால தொடவே தொடாதீங்க. கண்ணுக்குத் தெரியாத சுணை முள் தோல்ல ஏறிடும், அப்புறம் நீங்க தொடுற இடமெல்லாம் அரிக்கும். இடுக்கியால எடுங்க.

[காட்சி: வேலை முடிந்து கையுறையின் உட்பக்கத்தைத் துழாவும் குறடு.]

கழட்டினதும் உள்பக்கத்தைப் பாருங்க. ஒடிஞ்ச நுனி தோல்லயே நிக்கும், மறுநாள் போடும்போது அதுதான் குத்தும். விரலை விடாம பென்சிலால துழாவி, குறட்டால உருவிடுங்க. நனைஞ்சா நிழல்ல காய வைங்க. வெயில்ல காய்ஞ்ச தோல் மொடமொடன்னு ஆகி மடிப்புல வெடிக்கும். துளி விளக்கெண்ணெய் தடவினா இளகும்.

அப்படியும் முள் ஏறிடுச்சுன்னா பிதுக்காதீங்க. சோப்புத் தண்ணியில கழுவி, உள்ள போன அதே சாய்வுல வெளிய இழுங்க. மூட்டுப் பக்கத்துல நுனி ஒடிஞ்சிருந்தாலோ, ரெண்டு மூணு நாள்ல வீக்கம் குறையலைன்னாலோ டாக்டரைப் பாருங்க. மரத் துண்டு எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல தெரியும். முள் குத்தினதைச் சொல்லிடுங்க. டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா அதையும் சொல்லுங்க.