அடி ஆழம் வரை இறுக வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மேலே விரலால் தொட்டால் கெட்டியாக இருக்கும். கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே இன்னும் பசையாகவே கிடக்கும். இடுக்குகளை அடைக்கும் பசையான சீலண்டோடு வேலை செய்கிறவர்கள் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்த உடனே பலருக்கும் தோன்றுவது, 'வினையூக்கியைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்' என்பதுதான். சீலண்ட் கலவைகளை உருவாக்கும் வேலையில் இருக்கும் நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். மேற்பரப்பு இன்னும் சீக்கிரம் இறுகியது, அடிப்பகுதி அப்படியே இருந்தது. வேகம் வேறு, ஆழம் வேறு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒற்றைக் குழாயில் வரும் சிலிக்கோன் சீலண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அது இறுகக் காற்றின் ஈரம் வேண்டும். ஈரம் மேலிருந்து உள்ளே போகவேண்டும், ஆனால் ஏற்கெனவே இறுகிய மேல் அடுக்கே அதற்குத் தடையாக நிற்கும். அதனால் ஆழம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்காகும். முதல் நாளில் 3 மில்லிமீட்டர் இறுகினால், 6 மில்லிமீட்டருக்கு நான்கு நாள், 12 மில்லிமீட்டருக்குப் பதினாறு நாள். இதில் வினையூக்கியை எவ்வளவு கூட்டினாலும் ஈரம் வேகமாக நடந்து வந்துவிடாது.

இரண்டு பகுதிச் சீலண்ட் பிறந்ததே இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். வினைக்கு வேண்டியதெல்லாம் கலக்கும்போதே உள்ளே போய்விடுகிறது, அதனால் மேலும் கீழும் ஒன்றாக இறுகவேண்டும். அப்படியானால் இதிலும் ஏன் சில சமயம் உள்ளே இளகலாக நிற்கிறது? வினையூக்கியின் குணம் தெரிந்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

குறுக்க வினையில், அதாவது மூலக்கூறுகள் இணையும்போது ஆல்கஹால் போன்ற சிறு மூலக்கூறு வெளியேறும் வினையில், இறுகும் சிலிக்கோன்களில் வெகுகாலமாகப் புழங்குவது டைபியூட்டைல்டின் டைலாரேட் என்ற வெள்ளீயச் சேர்மம். இது போட்டவுடன் வேலை செய்யாது. கொஞ்சம் தண்ணீரோடு சேர்ந்து மாறிய பிறகுதான் செயல்படும் வடிவத்துக்கு வரும். கலவையில் இருக்கும் சுண்ணாம்புத்தூள் போன்ற நிரப்பிகளில் ஒட்டியிருக்கும் ஈரமே பல சமயம் இதற்குப் போதும். ஆனால் நிரப்பியை நன்றாக உலர்த்தி, ஆழமான மூடிய அச்சில் ஊற்றினால் அடியில் தண்ணீர் கிடைக்காது. மேலே ஆடை கட்டிவிடும், அடியில் இளகலாகவே நிற்கும். இந்த இடத்தில் குறைவது தண்ணீர். வெள்ளீயத்தைக் கூட்டினால் வேலை செய்யும் நேரம் சுருங்குவதுதான் மிச்சம்.

இங்கேதான் டின் ஆக்டோயேட் கைகொடுக்கும். இது இரண்டு இணைதிறன் கொண்ட வெள்ளீயம், முன்னது நான்கு. டின் ஆக்டோயேட் வெளி ஈரத்துக்காக அவ்வளவாகக் காத்திருப்பதில்லை. சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கி, தடிமனான பகுதியிலும் அடிவரை இறுக்கிவிடும். பல் அளவெடுக்கும் சிலிக்கோன் வகை ஒன்றில் இதைப் பயன்படுத்தியது இந்த வேகத்துக்காகத்தான். இதற்கும் ஒரு விலை உண்டு. காற்றும் ஈரமும் பட்டால் டப்பாவிலேயே வலுவிழந்துவிடும், கலந்த பிறகு கையில் இருக்கும் நேரமும் குறைவு. ஆனால் இன்னொரு நன்மையைச் சொல்லியாக வேண்டும். டைபியூட்டைல்டின் சேர்மம் இறுகிய பின்னும் உள்ளே உயிரோடு இருக்கும். வினையில் பிறந்த ஆல்கஹால் வெளியேறும் முன்பே மூடிவைத்துச் சூடாக்கினால், அதே வினையூக்கி தான் கட்டிய பிணைப்புகளைத் திரும்ப அவிழ்த்துவிடும். கெட்டியான ரப்பர் மறுபடி பிசுபிசுக்கும். டின் ஆக்டோயேட்டில் இந்தத் தொல்லை இல்லை.

நஞ்சு பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. பொதுமக்களுக்கு விற்கும் பொருட்களில் டைபியூட்டைல்டின் சேர்மங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வெள்ளீயக் கணக்கில் 0.1 சதவீதம் என்று 2012இல் வரம்பு கட்டியது. அறை வெப்பநிலையில் இறுகும் சீலண்டுகள் உள்ளிட்ட சில பொருட்களுக்கு 2015 வரை அவகாசம் கிடைத்தது. அப்புறம் பலர் டைஆக்டைல்டின் என்ற இன்னொரு வெள்ளீயச் சேர்மத்தின் பக்கம் நகர்ந்தார்கள்.

ஆழம் மட்டுமே முக்கியம் என்றால் என் முதல் தேர்வு பிளாட்டினம். கூட்டு வினையில், அதாவது எதுவும் வெளியேறாமல் மூலக்கூறுகள் சேரும் வினையில், இறுகும் சிலிக்கோனுக்குத் தண்ணீர் வேண்டாம், ஆல்கஹாலும் வெளிவராது, எவ்வளவு தடிமனாக ஊற்றினாலும் ஒரே மாதிரி இறுகும், சுருக்கமும் மிகக் குறைவு. ஜான் ஸ்பையர் 1957இல் வெளியிட்ட குளோரோபிளாட்டினிக் அமில முறையும், அதன் பிறகு புரூஸ் கார்ஸ்டெட் உருவாக்கிய பிளாட்டினச் சேர்மமும்தான் இதற்கு அடித்தளம். பத்து லட்சத்தில் சில பங்கு பிளாட்டினம் இருந்தாலே போதும்.

அவ்வளவு குறைவாக இருப்பதாலேயே அது சுலபமாகக் கெட்டும்போகும். ஒருமுறை ஒரு பெரிய வார்ப்பு முழுவதும் அழகாக இறுகியிருந்தது, ஓரத்தில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு மட்டும் பிசின் போல ஒட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். அச்சைத் துடைத்தவர் கையில் இருந்தது இயற்கை ரப்பர் கையுறை, அதிலிருந்த கந்தகம்தான் காரணம். கந்தகம், அமீன், பாஸ்பரஸ் சேர்மங்கள், வெள்ளீயம் இவையெல்லாம் பிளாட்டினத்தை முடக்கிவிடும். வெள்ளீயச் சிலிக்கோன் கலந்த வாளியைக் கழுவிவிட்டு அதிலேயே பிளாட்டினச் சிலிக்கோன் கலப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பதறும்.

இரண்டு பகுதிப் பாலியுரேத்தேன் சீலண்டில் கதை தலைகீழ். ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டும் சேர்ந்துதான் அது இறுகும். அங்கே தண்ணீர் எதிரி. ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு பிறக்கும், தடிமனான பகுதியில் அது வெளியேற வழியின்றிக் குமிழியாகத் தங்கிவிடும். அதனால் பாலியாலோடு மட்டும் வினையை நடத்தி, தண்ணீரைக் கண்டுகொள்ளாத வினையூக்கிதான் வேண்டும். இதில் கெட்டிக்காரன் பாதரசம். வெகுநேரம் சும்மா இருந்து, நிதானமாக வேலை செய்ய விட்டு, பிறகு சட்டென்று அடிவரை இறுக்கும். அந்த நடத்தையை விட மனமில்லாமல் தொழிலில் பலர் நீண்டகாலம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இறுகிய பொருளுக்குள்ளேயே பாதரசம் தங்கிவிடுகிறதே! ஐரோப்பிய ஒன்றியம் 2017 அக்டோபர் முதல் பினைல் பாதரசச் சேர்மங்கள் ஐந்தைக் கட்டுப்படுத்தியது, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையும் பாலியுரேத்தேனில் பாதரசத்தைக் கைவிடச் சொல்கிறது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். இன்று அந்த இடத்துக்குப் பிஸ்மத் கார்பாக்சிலேட் வந்திருக்கிறது. அதுவும் பாலியால் பக்கம் சாய்வது, ஆனால் ஈரம் பட்டால் தானே சிதையும். அதனால் பாலியாலையும் நிரப்பியையும் முதலில் உலர்த்துங்கள், பிஸ்மத்தின் அளவைப் பிறகு பேசலாம். அமீன் வினையூக்கிகளை இங்கே யோசித்துத்தான் சேர்க்கவேண்டும், அவற்றில் பல தண்ணீர் வினையையும் முடுக்கிவிடும்.

பாலிசல்ஃபைடு என்ற இன்னொரு வகைச் சீலண்டில் சேர்க்கும் மாங்கனீசு டையாக்சைடைப் பலர் வினையூக்கி என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது வினையில் செலவாகிற ஆக்சிஜனேற்றி. அதனால் அளவு குறைந்தால் தாமதம் என்பதோடு நிற்காது, இறுக்கமே அரைகுறையாக நின்றுவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் இரண்டு பகுதிகளையும் கலப்பது சரியில்லாவிட்டால் பயனில்லை. இதற்கு இரண்டு சின்னச் சோதனைகள் போதும், ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் செய்யுங்கள். கலந்த சீலண்டில் கொஞ்சத்தை ஒரு காகிதத்தின் நடுவில் வைத்து, மடித்து அழுத்தி, பிரித்துப் பாருங்கள். வெள்ளையான முதன்மைப் பகுதியும் கறுப்பு வினையூக்கிப் பகுதியும் ஒன்றாகியிருந்தால் ஒரே நிறம் தெரியும். கோடுகள் தெரிந்தால் கலக்கும் எந்திரத்தை நிறுத்துங்கள். அடுத்து, ஒரு கோப்பையில் கொஞ்சம் நிரப்பி நடுவில் குச்சியைச் செருகி, சில நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். முதலில் நூலாக நீளும். நூல் நீளாமல் ரப்பராக அறுபடும் நேரத்தைக் குறித்துவைத்து, அதை நேற்றைய நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.